பந்தி நேரத்தில் அடைக்காத வால்வு

என் நைனாவுக்கு,

உத்திரமேரூரில் இப்போது முகூர்த்தக் காலம். மண்டபங்களைக் கடக்கும்போது சாம்பார் கொதிக்கும் வாசனை வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன்.

ஊரில் இன்றும் முதலில் பேசுவது நீ ஆக்கிப்போட்ட கல்யாணச் சமையலை அல்ல, அந்த வால்வை நீ கழற்றியதை. கேஸ் டியூப் பிடுங்கிக்கொண்டால் தானாக அடைக்க வேண்டியது அது. பெரிய அடுப்பை நீ முழுசாகத் திருகியதுமே அடைத்துக்கொண்டது. "பந்தியில ஜனம் குந்திக்கினு கீது, இது வேற பேஜாரு" என்று கழற்றி வைத்தாய். அன்றுதான் டியூப் பிடுங்கிக்கொண்டது; அந்தத் தீயில் நீ போனாய்.

எல்லாச் சமையல்காரர்களும் கழற்றினார்கள். உன் தப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்?

இப்போது ஒரு வால்வுப் பட்டறையில் வரைபடம் போடுகிறேன், நைனா. உள்ளே ஒரு சின்னக் கட்டை. அதை ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கும். வாயு அளவுமீறிப் பாய்ந்தால் ஸ்பிரிங் தோற்கும், கட்டை நகர்ந்து வழியை அடைக்கும். ஆனால் திருகியதும் காலி டியூப் நிரம்புகிற கணநேரப் பாய்ச்சலையும் ஆபத்து என்றே எண்ணியது அந்தப் பழைய ஸ்பிரிங். ரொம்ப விறைப்பாக்கினால் நிஜ ஆபத்திலும் அடைக்காது. பலமுறை தோற்று, ஸ்பிரிங்கைச் சற்றே விறைப்பாக்கி, கட்டை நகரும் தூரத்தையும் நீட்டினேன். கட்டை போய்ச் சேருமுன் அந்தக் கணநேரப் பாய்ச்சல் ஓய்ந்துவிடும்.

மானாம்பதி கல்யாணத்தில், உன்னிடம் கரண்டி பிடித்த கோதண்டம் மாமாவிடம் இந்தப் புது வால்வைக் கொடுத்தேன்.

"இன்னா பாப்பா, பந்தி நேரத்துல கழுத்த அறுக்குமா இது?"

"அறுத்தா கழட்டிடு மாமா."

"கழட்டாம? நானு உங்க நைனா கையில வளந்தவனாச்சே!" என்று சிரித்தவர், சட்டென்று குனிந்து வால்வை மாட்டத் தொடங்கினார்.

உன்னைப் போலவே ஒரே திருகு. தீ நிலைத்து எரிந்தது. கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை அணையவில்லை.

மறுநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். "நெசமா டியூபு புடுங்கிக்கினா?" என்றார். வாயுவுக்குப் பதில் காற்றை விட்டு, டியூபைப் பிடுங்கிக் காட்டினேன். டக் என்று ஒரு சத்தம். காற்று நின்றது.

"இவ்ளோதானா பாப்பா?"

இவ்வளவுதான், நைனா. ஒரு சின்ன டக். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் இயந்திரத்தை நிறுத்துவதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

இனி நான் வரையும் எந்த வால்வும் ஒரு கல்யாண அடுப்பில் நின்று காட்டாமல் வெளியே போகாது. அவசரத்தில் ஒரு கை எப்படித் திருகும் என்று எனக்குத் தெரியும். அது உன் கை.

உன் மூத்த பாப்பா