முயலுக்குப் பிடுங்கிய தழை

மச்சான்,

இப்போதுதான் எழுத்துப் பழகுகிறேன்; எழுத்துகள் மேலும் கீழுமாக ஓடும், பொறுத்துக்கொள். ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் போகிறது. இருந்தாலும் இது நானே எழுதுவது! நீ இருந்தால், "உது கையெழுத்தோ, கோழி கிண்டினதோ?" என்று கேட்டிருப்பாய்.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையில் பெருஞ்சீரகத் தழையின் மணம் போகவில்லை. முன்பு அந்த மணத்தோடு, ஸ்ஃபெர்ராகவால்லோ மலையடியில் குனிந்து தழை பிடுங்கும் உன் முதுகுதான் நினைவுக்கு வரும். இன்று பயம் வருகிறது.

லிபெர்த்தா வீதியில் நீ வேலை செய்த வீட்டுச் சிஞோரா, பெருநாளுக்குச் சமைத்துச் சாப்பிடச் சொல்லி உயிரோடு தந்த முயலை, நீ கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "கறி எப்படி?" என்று அவர் கேட்க, "புவோனீசிமோ, சிஞோரா," நல்ல ருசி என்றாய். அந்தப் பொய்க்கு இப்போது ஆறு வயது. கடைசியாக ஆசுப்பத்திரியில் என் கையைப் பிடித்து, "முயல் பாவம், அவளைப் பாரடா மச்சான்" என்றாய். ஓம் என்றேன்.

எங்கள் போர்கோ வெக்கியோ சந்தையில் கரட் இலையைச் சும்மாவே தருவார்கள். நீ பிடுங்கிய இடம் என்பதற்காகவே நான் பஸ் ஏறி அந்த மலையடிக்குப் போவேன். முந்தாநாளும் பிடுங்கிக் கொடுத்தேன். நேற்றுப் போனபோது மரத்தில் ஓர் அறிவித்தல். முன்பென்றால் வாசிக்க உன்னைக் கூப்பிட்டிருப்பேன். நேற்று நானே விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். "கொனீல்யி." முயல்கள்! நடுவீதியில் துள்ளாத குறை. அடுத்த சொல் "மோர்த்தி." செத்தவை.

வீட்டுக்கு ஓடி, அவளைக் கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். மலையில் முயல்களுக்கு வைரஸ் நோயாம். வீட்டில் வளர்க்கும் முயல்களுக்கும் தொற்றுகிறதாம். புல்லிலும் சப்பாத்திலும்கூட ஒட்டி வருமாம்.

"தழை எங்கே பிடுங்கினீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தடுப்பூசி போட்டார். பிறகு, "ஊசி வேலை செய்ய ஒரு கிழமை செல்லும். சாப்பாட்டை விட்டால் உடனே கொண்டுவாருங்கள்" என்றார்.

உன் மீதிருந்த ஆசையில் உன் முயலுக்கே நஞ்சை ஊட்டிவிட்டேனோ, மச்சான்?

இன்று கரட் இலையில் பாதி தின்றாள். மிச்சப் பாதியைப் பார்த்தபடிதான் எழுதுகிறேன். உன்னிடம் சொன்ன அந்த ஓம் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

வைத்தியர் சொன்ன கிழமை முடிகிற அன்று உனக்கு மறுபடி எழுதுவேன். அன்றைக்கு வேண்டிய சொல்லை இப்போதே கொப்பியில் எழுதிப் பழகுகிறேன்: தின்கிறாள், தின்கிறாள், தின்கிறாள்.