மேனேஜருக்கு வாங்கிய எலும்பு

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. போனில் 'ம்', 'சரி' தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் கடிதம். ஒரு பஸ் தூரம்தான், ஆனாலும் ஹாஸ்டலுக்குப் போனதும் எங்களை மறந்துவிட்டாய்.

மழையில் நீ தூக்கி வந்து என் தலையில் கட்டிவிட்டுப் போன நொண்டி நாய் இப்போது வீட்டுக்கே அதிகாரி. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கிறது. உன் அண்ணன் 'மேனேஜர்' என்று பேர் வைத்துவிட்டார்.

ஒரு சங்கதி, சிரிக்காதே. நான் கறி சாப்பிடுவதை விட்டுவிட்டேன். தட்டில் எலும்பைப் பார்த்தால் இவன் கால் ஞாபகம் வருகிறது. "என்னடி, சாமியாராயிட்டியா?" என்று உன் அண்ணன் கிண்டல் செய்கிறார். மிருகங்களைக் கொல்லக்கூடாதென்று நீ போகிற சங்கத்தில் என்னைச் சேர்ப்பார்களா? ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 24

பாப்பா,

பதிலே காணோம். ஞாயிற்றுக்கிழமை மேனேஜருக்கு எலும்பு வாங்கக் கோழிக்கடைக்குப் போனேன். வெளியே வந்ததும் கோழி முகமூடி போட்ட ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு "கொலைகாரி! கொலைகாரி!" என்று கத்தினார்கள். சேலையெல்லாம் சிவப்புச் சாயம். "நாய்க்குங்க" என்றேன். யார் காதில் விழுகிறது? பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் கைபிடித்து வெளியே கூட்டி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனுக்கு வைத்திருந்த கறியை நின்றபடியே தின்றேன். பசியில்லை, ஆத்திரம். உங்கள் சங்கமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அதில் ஒல்லியாக ஒருத்தி. அவள் குரல்தான் பெரிது. நல்லவேளை, நம் வீட்டுப் பெண் அப்படியில்லை. இன்னொரு கரண்டி குழம்பு கேட்கவே கூச்சப்படுகிறவள்.

அண்ணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த ஒல்லிப் பெண் நான்தான்.

வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட நான் கையை மட்டும்தான் தூக்குவேன். முகமூடிக்குள் அப்படி இல்லை. எங்கிருந்தோ குரல் வந்தது. "நீயா இது?" என்று எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அது பிடித்திருந்தது.

முதல் தடவை கத்தியபோது உங்கள் முதுகுதான் தெரிந்தது. நீங்கள் திரும்பினீர்கள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று பயந்து இன்னும் சத்தமாகக் கத்தினேன். பையில் இருப்பது யாருக்கென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் முதல் கடிதத்தை மூன்று தோழிகளிடம் பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தேன். அது நீங்கள்தான் என்று தெரியாமல் அவர்களும் அன்று கத்தினார்கள்.

நீங்களாக எங்கள் பக்கம் வந்தீர்கள். நான் விரட்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, அண்ணி.

உங்கள்,
பாப்பா

மார்ச் 10

பாப்பா,

தெரியும். அன்று உன் காலில் இருந்த செருப்பு நான் வாங்கிக் கொடுத்ததுதானே. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். சொல்லிவிட்டாய். உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

சாயம் போகவில்லை. சேலையை மடித்து மேனேஜருக்குப் படுக்கையாகப் போட்டுவிட்டேன். மறுபடி கறியை விட்டேனா என்று கேட்காதே. நானே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கடைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. மேனேஜர் வெறும் சோற்றை முகர்ந்துவிட்டு என்னை முறைக்கிறான். வருகிற ஞாயிறு நீயே போய் எலும்பு வாங்கி வா. முகத்தை மூடாமல் போ.

வந்தால் சோறு போடுகிறேன். பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

அண்ணி