செல்வியின் சேனல்

வியாழன், இரவு.

நாளை ஆண்டு விழா. நான் மிக்ஸ் செய்த பாட்டை மாலையே டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். தூக்கம் வராமல் இப்போது ஹெட்போனில் கேட்டேன். தவில் மட்டும் ஒலிக்கும் இடத்தில், பாட்டைப் பாடிய என் தோழி செல்வி பேசுகிறாள்.

"நம்ம ஹெச்எம் கிளாஸுக்கு வாரது வைகையில தண்ணி வாரது மாதிரிடி. வருசத்துக்கு ஒருக்கா."

அடுத்து ஒரு சிரிப்பு. அது நான்தான்.

அந்த இடத்தில் அவள் குரல் இருக்கும் சேனலை மிக்ஸரில் மியூட் செய்ய மறந்திருக்கிறேன். லேப்டாப் ஸ்பீக்கரில் தவில் சத்தம் அதை மூடிவிட்டது. மைதானத்தில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ஹெச்எம் முன்வரிசையில் இருப்பார்.

அதை மியூட் செய்து பாட்டைப் புதிதாக எடுத்துவிட்டேன். ஆனால் அனுப்புவதற்கு வேண்டிய போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. இந்நேரத்தில் பாட்டா என்று கேட்டு லேப்டாப்பைப் பிடுங்கி வைத்துவிடுவார்.

இன்னொரு புகார் வந்தால் டிசிதான் என்று செல்வியிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். அவள் குரல் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். சிரித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததும் பயம் கொஞ்சம் குறைந்தது. குறைந்தது எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா புரண்டு படுக்கிறார். போய் எழுப்பப் போகிறேன்.