உப்புச் சர்க்கரைப் பந்தி

ஆகஸ்ட் 22, வெள்ளி
சாயங்காலம் டாக்டரிடம் போனேன். சாப்பிட்ட பின் சர்க்கரை இருநூற்று எண்பது. இனிப்பை ருசி பார்க்கவே கூடாதாம். சமையல் காண்டிராக்டரிடம் சொல்கிற பேச்சா இது? மூன்று வருடமாக எனக்கு இருக்கிற இந்த வியாதி சாந்தாமணிக்கும் தெரியாது. பெண்டாட்டியிடம் சொன்னால் மகள் நந்திதாவுக்குப் போகும், அங்கிருந்து தாராபுரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு. செப்டம்பர் நான்காம் தேதி அவளுக்கு நிச்சயம், எங்கள் பக்க வழக்கப்படி இரு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றுகிறோம். வியாதிக் குடும்பம் என்று அவர்கள் பின்வாங்கிவிட்டால்?

ஆகஸ்ட் 25, திங்கள்
விருந்துக்கு வரும் நாற்பது பேருக்கும் வாட்ஸப்பில் கேட்டேன்: எது ஒத்துக்கொள்ளாது? நாற்பது பேரிடமிருந்தும் ஒரே பதில். "எதுனாலும் பரவாயில்லைங்க." நம் ஆட்களின் மரியாதையை நம்பி ஒரு கிலோ கத்தரிக்காய்கூட வாங்க முடியாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
மாப்பிள்ளையின் அப்பா கந்தப்பன் போன் செய்தார். பத்து நிமிடம் மழை, தேங்காய் விலை. அப்புறம் குரல் இறங்கியது. அவருக்குப் பாயசம் மட்டும் சர்க்கரை இல்லாமல் வேண்டுமாம். "எங்கூட்லயே யாருக்கும் தெரியாதுங்க. உங்க பக்கமும் தெரிய வேண்டாமுங்க."
நானும் அதே ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.
இரண்டு வாளிப் பாயசம் என்று முடிவு செய்தேன். இலையில் வைக்கிற வாழைப்பழத்தை எடுத்து டம்ளர் மேல் வைக்க அவரிடம் சொன்னேன். அந்த அடையாளம் பதினைந்து வருடமாக என்னோடு பரிமாறுகிற எழிலுக்கு மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
இன்று சம்பந்தியம்மா ரகசியமாக அழைத்தார். கந்தப்பனுக்குத் தெரியக் கூடாதாம். பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா. பிறகு என் சொந்தத் தம்பி! எல்லோருக்கும் அதே வாழைப்பழத்தையே சொன்னேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 2, செவ்வாய்
ரகசியம் இருபத்தெட்டு ஆயிற்று. அதில் ஆறு பேருக்கு உப்பும் ஆகாது. மாற்றிக்கொள்ளப் போவதோ உப்பும் சர்க்கரையும்.

செப்டம்பர் 3, புதன்
வாழைத்தார் வந்து இறங்கியது. பழங்களை இரண்டு தடவை எண்ணி வைத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்
உப்புச் சர்க்கரை மாற்றியாயிற்று. பந்தியில் உட்கார்ந்ததும் கந்தப்பன் பழத்தை எடுத்து டம்ளர் மேல் வைத்தார். பக்கத்தில் அவர் மனைவியும் வைத்தார். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பெரியப்பா, தம்பி, வரிசை முழுக்க. ஒன்றும் தெரியாத மிச்சப் பேர் இது எங்கள் வீட்டு முறை போலும் என்று மரியாதைக்குத் தாங்களும் வைத்தார்கள்.
எழில் வாளியோடு நடுவில் நின்றுவிட்டான். "ஏனுங்கண்ணா, எல்லாத்துக்குமே சர்க்கரை இல்லாததுதானுங்களா?"
போச்சு, கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.
கந்தப்பன்தான் வாயைத் திறந்தார். "சம்பந்தி, உங்களுக்கு எத்தனைங்க?"
"சாப்ட்டு இருநூத்தி எம்பதுங்க."
"எனக்கு முந்நூத்திப் பத்துங்க," என்றார், தோட்டம் எத்தனை ஏக்கர் என்று சொல்கிற தோரணையில். அவ்வளவுதான். ஆளாளுக்கு நம்பர் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் மனைவி தன்னுடையதைச் சொன்னதும் கந்தப்பனுக்கே புரையேறியது. வெல்லப் பாயசத்தை நந்திதாவும் மாப்பிள்ளை அருள்குமாரும் மட்டும் குடித்தார்கள்.
கடைசி இலையில் சாந்தாமணி. அவள் டம்ளர் மேலும் பழம். மரியாதைக்கு வைத்தாளாக்கும் என்று கிட்டப் போனேன்.
"நாலு வருசமாச்சுங்க," என்றாள் இலையைப் பார்த்தபடி. "எழிலுகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."
வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நாற்பது பேர் வாயையும் விசாரித்த நான் இவளைக் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்
கல்யாணச் சாப்பாட்டுக்கு கந்தப்பன் பட்டியல் அனுப்பிவிட்டார். பேருக்கு நேராக நம்பர், ஒளிவு மறைவில்லை.
சாந்தாமணியின் மாத்திரை ராகி டப்பாவிலாம். என்னுடையது கடையில், பெருங்காயத்தோடு. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து போட்டுக்கொண்டோம். பிறகு, யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று மத்தியானம் வரை சண்டை போட்டோம்.