உன் பெயரில் நடந்த பனி ஐஸ்கிரீம் விழா

பாசமும் எரிச்சலும் சரிபாதியாகச் சேர்ந்த என் சேகர் அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை உனக்கு அஞ்சலி செலுத்தினார்கள். யார் என்று கேட்கிறாயா? பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் உன் எண்ணைத் தேடுமே, இந்த வளைகுடா ஊரில் நம் ஆட்கள் நடத்தும் அந்தத் தமிழ்ச் சங்கம்தான். இடம், நீ பதினோரு வருடம் பனி வாரி டூட்டி பார்த்த அதே மால், உன் பனி அரங்கத்தை ஒட்டியிருக்கும் பார்ட்டி ரூம்.

வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். 'பனி நாயகன் சேகர் நினைவு, பனி ஐஸ்கிரீம் விழா' என்று போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் படம் ஆளுயரத்துக்கு, பக்கத்தில் சிறப்பு விருந்தினர் படம் அதைவிட ஒரு விரற்கடை உயரம். உன் படம் கீழே மூலையில். பழைய விசா போட்டோவைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியதில் உன் காது இரண்டும் பக்கவாட்டில் எங்கேயோ போயிருந்தன. "அப்பா ஃபன்னியா இருக்காங்க" என்றாள் மித்ரா. உன் மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. அவள் சிரித்தாள், கலா அண்ணி சிரிக்கவில்லை.

பிறகு ஏன் போனீர்கள் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். நீ போன பிறகு அண்ணிக்குக் கொடுத்த ஒரு வருட விசா முடிய இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு வேலை கிடைத்து, அந்தக் கம்பெனி விசா எடுத்துக் கொடுத்தால் இங்கே இருக்கலாம், மித்ரா அதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தலைவர், விசா பாரம் அடித்துக் கொடுக்கும் தன்னுடைய டைப்பிங் சென்டரில் அண்ணிக்கு வேலை தருவதாக உன் பதினாறாம் நாளன்றே வாக்குக் கொடுத்தார். கடிதமும் தயாராகிவிட்டது. ஆனால் கையில் தரவில்லை. "மேடையில தர்றேன் சிஸ்டர், அதுதான் அவருக்கு மரியாதை" என்று மூன்று மாதமாகக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார். கைதட்டு இல்லாமல் அந்த மனிதரால் ஒரு கவரைக்கூட நீட்ட முடியாது.

ஐஸ்கிரீம் யோசனையும் அவருடையதுதான். நீ வீட்டில் செய்வதை எப்போதோ ஒருநாள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரவு டூட்டி காலையில் முடிந்து, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியில் புதுப்பனியை அள்ளிக்கொண்டு அல் குசைஸ் வீட்டுக்கு ஓடிவருவாயே. கிண்ணம் முதல் நாளே ஃப்ரீஸரில் போயிருக்கும். கொஞ்சம் பால், மில்க்மெய்ட், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. பனியைக் கொட்டி நாலு கிளறு, அவ்வளவுதான். "இப்பவே சாப்பிடு, போன் வந்தா எடுக்காதே, அஞ்சு நிமிஷத்துல பால் தண்ணி ஆயிடும்" என்று கரண்டியோடு எங்களைத் துரத்துவாய்.

எந்தப் பனி என்பதில் நீ எவ்வளவு கறார்! அரங்கத்தைத் திறப்பதற்கு முன்னால் மெஷின் பொழிந்தது மட்டும்தான். அது வெறும் குடிதண்ணீர், உள்ளே ஒன்றும் கலப்பதில்லை என்பாய். கதவைத் திறந்து கூட்டம் உள்ளே வந்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு கரண்டி கூடத் தொடமாட்டாய். வாடகை பூட்ஸ் ஆயிரம் பேர் காலில் மாறி மாறி ஏறுவது உனக்குத்தானே தெரியும்? ஒருநாள் மித்ரா அழுதபோதுகூட நீ அசையவில்லை.

விழா அன்றைக்கு உன் கூட்டாளிகள் உன்னை மறக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரண் இருக்கிறானே, உன்னோடு பனி வாரிய நேபாளப் பையன் என்று நீ சொல்வாயே, அவனுக்கே இப்போது நாற்பது வயது. அவன் காலையில் விழுந்த புதுப்பனியை இரண்டு பெட்டி நிறைய அள்ளி, மூடி போட்டு, பத்து மணிக்கு மேஜைமேல் கொண்டுவந்து வைத்தான். "தீதி, சேகர் பாய் வாலா" என்றான் அண்ணியிடம். அக்கா, சேகர் அண்ணன் ஐஸ்கிரீமுக்கு எடுப்பாரே, அந்தப் பனி என்று அர்த்தம். அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

விழா பத்தரைக்கு. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டு ஐந்துக்கு. அவர் வராமல் ஆரம்பிக்க முடியுமா? நம் ஆட்களுக்குச் சிறப்பு விருந்தினர் இல்லாமல் மூச்சு விடவே தெரியாதே. அதுவரை சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பெட்டி மூடியைத் திறந்துவைத்து, பனியில் கைவைத்து, ஒவ்வொரு குடும்பமாக போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் சாதாரண ஏ.சி.தான். ஆனாலும் பட்டுப்புடவைமேல் வாடகைக் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி, குளிரில் நடுங்குவது போல் நின்றார்கள். இந்த வேஷத்தைப் பார்த்து நீ வாய்விட்டுச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருந்தினர் வந்த பிறகு வரவேற்புரை. அவருக்குப் பொன்னாடை, தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்கு, பொருளாளருக்கு, பொன்னாடை கொண்டுவந்தவருக்கு ஒரு பொன்னாடை. குளிர்கோட்டுமேல் சால்வை நிற்காமல் வழுக்கி வழுக்கி விழ, எடுத்து எடுத்துப் போட்டார்கள். பிறகு தலைவர் உன்னைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதில் நீ மூன்று நிமிடம் வந்தாய். ஒருதடவை உன்னை 'சேகரன்' என்றார், ஒருதடவை 'சந்திரசேகர்' என்றார். மீதி நேரம் முழுக்கத் தன்னுடைய அப்பா தனக்குச் சொன்னது.

பேசி முடித்து, "இப்போது பனி ஐஸ்கிரீம்!" என்று கையை விரித்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பனி எங்கே இருக்கிறது? இரண்டிலும் தண்ணீர், நடுவில் நாலு கட்டி மிதக்கிறது. கிரண் பதினொரு மணிக்கே வந்து மூடச் சொன்னானாம், யாரும் காதில் வாங்கவில்லை. உன் ஐஸ்கிரீம் எதற்குமே காத்திருக்காது என்பதுதானே அதன் முதல் பாடம்? அதைக் கொண்டுபோய் ஒரு சிறப்பு விருந்தினருக்காக ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தவர்கள் உலகத்திலேயே நம் சங்கத்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

தலைவர் அசரவில்லை. செயலாளரைக் கூப்பிட்டு, "பின்னாடி கதவு வழியா போய், பசங்க சறுக்குற இடத்துல ரெண்டு பக்கெட் அள்ளிட்டு வாங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். நான் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன், காதில் விழுந்தது. பக்கெட் வந்தது. கிரண் குறுக்கே வந்து நின்றான்.

"சார், யே மாஃபி. ஜூத்தா வாலா பரஃப் ஹை. கானே கா நஹி." இது கூடாது, பூட்ஸ் கால் பட்ட பனி, சாப்பிடுவதற்கு இல்லை என்று மூன்று பாஷையைக் கலந்து கெஞ்சினான்.

"அரே பாய், பரஃப் பரஃப்தான். யல்லா, யல்லா" என்று தலைவர், பனி எல்லாம் ஒன்றுதான், நகரு நகரு என்பதுபோல் அவனைத் தோளில் தட்டி ஓரமாக நிறுத்தினார்.

அந்தப் பனி லேசான சாம்பல் நிறத்தில் இருந்தது அண்ணா. மில்க்மெய்டைக் கொட்டியதும் வெளுத்துவிட்டது. ஏலக்காய் போட்டதும் வாசனையும் வந்துவிட்டது. முதல் கப் சிறப்பு விருந்தினருக்கு. "ஆகா, இயற்கையின் சுவை!" என்றார். அடுத்து முன்வரிசை, பிறகு எங்கள் வரிசை. தலைவரே தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "உங்க அண்ணன் ஐஸ்கிரீம்மா, எப்படி இருக்கு சொல்லுங்க" என்று நின்றார். அவர் கோட்டுப் பாக்கெட்டில் கவரின் முனை தெரிந்தது.

நான் சாப்பிட்டேன். எங்கிருந்து வந்த பனி என்று தெரிந்தே, ஒரு கரண்டி இல்லை, கப் முழுவதும் சாப்பிட்டேன். "அப்படியே அண்ணன் கை மணம்" என்றும் சொன்னேன். இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டினேனே, அந்தக் கூட்டத்திலேயே கேவலமான ஆள் நான்தான்.

அப்போது குழந்தைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டாயிற்று. தலைவர் கவரை எடுத்து கேமராவுக்கு வாட்டமாகப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், ரெண்டு வார்த்தை" என்று மைக்கைக் கொடுத்தார். அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், பக்கெட் வந்ததிலிருந்து. உனக்குத் தெரியும், அண்ணி நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவர்.

"பிள்ளைங்களா, யாரும் அதைச் சாப்பிடாதீங்க. கப்பைக் கீழ வைங்க" என்றார். "அது எல்லாரும் பூட்ஸ் காலோட மிதிச்ச பனி. அவர் இருந்திருந்தா உங்க யாருக்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டார். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

பிள்ளைகள் கப்பைக் கீழே வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். தலைவர் சிரித்த முகம் மாறாமல் அண்ணி நீட்டிய கையைத் தாண்டி அந்தக் கவரை எடுத்து மறுபடியும் பாக்கெட்டில் வைத்தார். "லெட்டர்ல ஒரு சின்ன கரெக்‌ஷன் இருக்கு சிஸ்டர். பார்த்துட்டு அப்புறம் கூப்பிடுறேன்" என்றார். கூப்பிட மாட்டார். சாயங்காலத்துக்குள் அண்ணியைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'நன்றி கெட்டவர்கள்' என்று ஒருவர் எழுத, அதற்குக் கும்பிடு போட்டு இருபது பேர். வயிற்றுவலி என்று எழுதியவர் ஒரே ஒருவர், அதையும் உடனே அழித்துவிட்டார்.

கார் பார்க்கிங்கில் அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வாணி, நீ சாப்பிட்டியே?"

"உங்களுக்காகத்தான் அண்ணி. அந்த லெட்டர் கைக்கு வரணுமே."

"எனக்காகவா? நான் கேட்டேனா?"

கேட்டுவிட்டு அவர் காரில் ஏறிக்கொண்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. மித்ரா பின்சீட்டில் உட்கார்ந்து, "அம்மா, நாம திருச்சிக்குப் போறோமா?" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜெபல் அலியில் என் ஆபீஸில் டாகுமெண்ட் கிளார்க் வேலை இரண்டு மாதமாகக் காலியாக இருக்கிறது. ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவளே நான்தான். அண்ணி பி.காம்., டைப்பிங் தெரியும். நான் ஏன் அந்தத் தலைவரின் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? என் ஆபீஸில் உன்னை இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக. அண்ணி அங்கே வந்து உட்கார்ந்தால், வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று பயம். உன் ஐஸ்கிரீமை நக்கிச் சாப்பிட்டவளுக்கு நீ மண்வாரியால் பனி அள்ளியதைச் சொல்ல வாய் வரவில்லை. தலைவர் உன் பெயரையாவது தப்பாகச் சொன்னார், நான் உன்னையே மறைத்துவிட்டேன்.

நாளைக் காலை மேனேஜர் வந்ததும் அவர் முன்னால் போய் நிற்பேன். என் அண்ணன் இன்ஜினியர் இல்லை, பனி அரங்கில் மண்வாரி பிடித்தவர், இது அவர் மனைவியின் பயோடேட்டா என்று சொல்லுவேன். வேலை கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் மட்டும் இருக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

பனி வாரியவனின் தங்கை,
வாணி