214-ஆம் எண்ணின் ரத்தம்

3 பிப்ரவரி 1976

காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஆய்வகத்தின் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜைவிட வெளியே குளிர் அதிகம். சளி ஏழு, மலம் நான்கு, ஹீமோகுளோபின் பதினொன்று. பதினொரு பேருக்கும் ரத்தம் குறைவு. வழக்கம்போல.

எஸ்டேட் வாசகசாலைச் செயலாளர் ஆசீர்வாதம் வந்தார். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர். “சிஸ்டர், வார பதினஞ்சாந் தேதி ரத்தத்தப் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்க. ரத்தம் குடுன்னா நம்ம ஆளுக ஓடுதானுவ” என்றார். நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மலையில் ஆஸ்பத்திரிக்குள் நிற்கும் பெண்பிள்ளை எல்லாம் சிஸ்டர்தான். போகட்டும்.

ஒப்புக்கொண்டேன். பிகு பண்ணுவதுபோல் பண்ணினேனே தவிர, உள்ளூர ஆசைதான்.

14 பிப்ரவரி

பேச்சுக்குத் தலைப்பு வைத்தாயிற்று: “ரத்தம் சொல்லும் உண்மை”. கொஞ்சம் ஜம்பமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

பிரிவுகளை இப்படிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு குழந்தையும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறது. கொடுப்பது ஏ-யாக இருக்கலாம், பி-யாக இருக்கலாம், இரண்டும் இல்லாத வெறுங்கையாகவும் இருக்கலாம். இரண்டு பேரிடமும் வெறுங்கை வாங்கிய குழந்தை ஓ. ஏபி பிரிவுக்காரர் ஒன்று ஏ கொடுப்பார், இல்லையென்றால் பி கொடுப்பார். அவரிடம் வெறுங்கை கிடையாது. ஆகவே அவருக்கு ஓ பிரிவில் குழந்தை பிறக்காது.

இதைக் கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதினால் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் விளங்கும்.

15 பிப்ரவரி, ஞாயிறு

நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கட்டம் நன்றாக எடுபட்டது. கைதட்டினார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, பின்வரிசையிலிருந்து சுடலை கேட்டது. இரண்டாம் லயத்து வரிசைவீட்டில் இருப்பவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், அதிகம் பேசாதவர். “அந்தக் கட்டத்துல இல்லாதது எங்கயாவது, எப்பவாவது வருமா சிஸ்டர்?”

“வரவே வராது” என்றேன். சாக்பீஸைப் பலகையில் தட்டிச் சொன்னேன்.

17 பிப்ரவரி

வெளிநோயாளிகள் கூட்டம் போன பிறகு சுடலை வந்தார். மேஜையில் இரண்டு அட்டைகளை வைத்தார். ஒன்று ஆஸ்பத்திரி கொடுத்த அவருடைய ரத்தப் பிரிவு அட்டை: 214, சுடலை, ஏபி. மற்றது டிசம்பரில் பிறந்த அவர் மகள் முத்துப்பேச்சியின் அட்டை. பிறந்த நான்காம் நாள் குழந்தை மஞ்சளாக இருந்ததால் நானே பிரிவு பார்த்தேன். ஓ.

“ரெண்டும் உங்க கையெழுத்துதான?”

“ஆமா.”

“ரெண்டும் சரிதான?”

நேற்று முன்தினம் நாற்பது பேர் முன்னால் சாக்பீஸைத் தட்டியவள் வேறு என்ன சொல்வாள்? “சரிதான்” என்றேன். அவர் அட்டைகளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, “செரி சிஸ்டர்” என்று போனார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

பொய் சொல்லியிருக்க வேண்டுமா? பரிசோதனை செய்கிறவள் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நடப்பது அவள் பொறுப்பல்ல. அப்படித்தான் மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். பம்பாயில் முதலில் கண்டுபிடித்த ஓர் அபூர்வ வகை உண்டு. பார்க்க ஓ போல இருக்கும், ஆனால் ஓ அல்ல; ஏபி தகப்பனுக்கும் பிறக்கலாம். முத்துப்பேச்சி அந்த வகையாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். லட்சத்தில் சில பேர். அதைப் பார்க்கும் சீரம் என்னிடம் இல்லை.

18 பிப்ரவரி

சுடலையின் மனைவி பூமாரி இன்று கொழுந்து எடுக்க வரவில்லையாம்.

20 பிப்ரவரி

பூமாரி வந்தாள். சூரியநெல்லிப் பக்கம் அக்கா சாந்தம்மாள் வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து இரண்டு மாதக் குழந்தையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அடிக்கல, வையல சிஸ்டர். அட்டைய மட்டும் காட்டுனாரு. ‘யாருது?’ன்னு ஒரே வார்த்த. ஒங்களுதுதான்னேன். ‘சிஸ்டர் பொய் சொல்லுவாகளா?’ங்காரு.”

நான் கட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். வெட்கக்கேடு, அந்த நேரத்தில் எனக்குக் கட்டம்தான் வாயில் வந்தது. அவள் கேட்கவில்லை.

“பிள்ளைக்கு ரத்தம் எடுத்திய, நானும் கூட இருந்தேன். அவருக்கு என்னிக்கு எடுத்திய? அவரு ஊசின்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாரு. எனக்குத் தெரிய அவரு ஒங்ககிட்ட கைய நீட்டுனதே கெடையாது. நீங்க அட்டையத்தான பாத்திய? ஆளப் பாத்தியளா?”

குழந்தை அழுதது, அவள் போய்விட்டாள்.

ஆளைப் பார்க்கவில்லை. நான் வந்த வருடம் பழைய பதிவேட்டிலிருந்து எல்லாருக்கும் அட்டை எழுதினேன். சுடலையின் அட்டையும் அப்படி எழுதியதுதான். அவர் விரலில் நான் ஒருநாளும் குத்தியதில்லை.

21 பிப்ரவரி

பழைய பதிவேட்டை எடுத்தேன். 1968-இல் தொழிலாளர் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் ரத்தம் எடுத்து, அவசரத்துக்கு உதவும் என்று பிரிவைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டே விஷயம்: எஸ்டேட் ஆள்கணக்கில் தொழிலாளிக்கு உள்ள செக்ரோல் எண், ரத்தப் பிரிவு. பெயர் கிடையாது. 214, ஏபி.

அட்டை எழுதும்போது எண்ணுக்கான பெயரை எஸ்டேட் ஆபீஸிலிருந்து வாங்கிச் சேர்த்தது நான்.

ஆபீஸ் கிளார்க்கிடம் போய், 1968-இல் 214 யார் என்று கேட்டேன். தடித்த பேரேட்டைப் புரட்டக்கூட இல்லை அவர். “சின்னமுத்து. சுடலையோட அப்பா. எழுபத்திரண்டுல வேலை முடிஞ்சு ஊருக்குப் போனாரு, மகன் அப்பன் பேருல ஏறிட்டான்” என்றார்.

அப்பன் பேரில் ஏறுவது. இந்த மலையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். வயதானவர் வேலையை விட்டால் மகனோ மருமகளோ அந்த இடத்துக்கு வருவார். செக்ரோலில் எண் அப்படியே இருக்கும், ஆள்தான் மாறுவார். சம்பளத்துக்கும் அரிசிக்கும் கம்பளிக்கும் அது போதும். ரத்தத்துக்கும் போதும் என்று நினைத்த ஒரே மடச்சி நான்தான்.

என்ன வேலை பாத்து வெச்சிருக்கேன் நான்! அப்பனோட ரத்தத்த மகன் பேருல எழுதிக் குடுத்துட்டு, அதுமேல நின்னு சாக்பீஸத் தட்டி – வரவே வராதுன்னு – யார் கேட்டா? யார் கேட்டா உன்னை?

பச்சைக் குழந்தையோடு அவள் நடந்து வந்தாள்.

23 பிப்ரவரி, திங்கள்

1968-க்குப் பிறகு கை மாறிய எண்கள் மொத்தம் முப்பத்தொன்று. டாக்டரிடம் பட்டியலைக் கொடுத்தேன். கோட்டயத்துக்காரர், நல்லவர், பதற்றமே இல்லாதவர். முப்பத்தொரு பேரையும் ஹீமோகுளோபின் பார்ப்பதாகச் சொல்லி வரவழைத்து, மறுபடி பிரிவு பார்த்து, அட்டையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றார். “ஆரோடும் பறயண்டா” என்று மலையாளத்தில் சேர்த்தார். யாரிடமும் சொல்ல வேண்டாமாம். ரத்தம் ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்கத்தானே செய்கிறோம், யாரும் சாகப் போவதில்லை என்பது அவர் வாதம். அதுவும் சரிதான். ஆனால் அட்டையால் சாவு மட்டும்தான் வரும் என்று இருக்கிறாரே.

சுடலையை வரவழைத்தேன். விரலில் குத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் இரண்டு துளி. ஒன்றில் ஆண்டி-ஏ, ஒன்றில் ஆண்டி-பி. இரண்டு நிமிடம். முதல் துளி பால் திரிந்ததுபோல் திரண்டது. மற்றது அப்படியே கிடந்தது. ஏ பிரிவு.

தவறு என்னுடையது என்று சொன்னேன். அப்பாவின் எண், அப்பாவின் ரத்தம், எல்லாம் விளக்கினேன். ஏ பிரிவுக்காரருக்கு ஓ குழந்தை பிறக்கலாம், தாராளமாகப் பிறக்கலாம்.

“அப்ப பிள்ள என்னுதுதான?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில்? ‘ஆமாம்’ என்றால் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பரிசோதனைக்கு ‘இவர் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். ‘இவர்தான்’ என்று சொல்லத் தெரியாது. ஏ பிரிவில் இந்த எஸ்டேட்டில் மட்டும் நூறு ஆண்கள் தேறுவார்கள். இதையும் ஒளிக்காமல் சொன்னேன். இன்னொரு தடவை சாக்பீஸைத் தட்ட எனக்குத் தெம்பில்லை.

“அப்ப யாருதான் சொல்லுவா?”

“பூமாரி சொல்லணும். சொல்லிட்டா. நீங்கதான் கேக்கல.”

தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டிருந்தார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

24 பிப்ரவரி

டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை. காலை மஸ்டருக்குப் போய்விட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன் எல்லாரும் கூடும் இடம் அது. அங்கே சொன்னால்தான் லயத்துக்கு லயம் போகும். பூமாரியைப் பற்றிய பேச்சும் அங்கிருந்துதான் பரவியது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பன் பேரில், மாமியார் பேரில் ஏறியவர்கள் யாரும் அட்டையை நம்ப வேண்டாம், தவறு என்னுடையது, சுடலையின் அட்டையும் தவறு என்றேன். அவ்வளவுதான், நான்கு வாக்கியம்.

கூடையைத் தலையில் மாட்டியபடி வேலுத்தாய் கேட்டாள். ஐம்பது வயது, தனிக்கட்டை, யாருக்கும் பயப்படாதவள். “வாசகசாலையில ஒரு மணி நேரம் பேசுனிய, இங்க ஒரு நிமிசத்துல முடிச்சிட்டியளே சிஸ்டர்?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை.

29 பிப்ரவரி

சுடலை இன்று சூரியநெல்லிக்குப் போய் வந்தாராம். ஆசீர்வாதம் கூடப் போயிருக்கிறார், அவர்தான் சொன்னார். பூமாரி வாசலில் நின்றே பேசினாளாம்.

“நான் சொன்னேன், நம்பல. விரல்ல குத்திப் பாத்துட்டு வாரீரு. எம்பேச்சவிட அந்த ரத்தந்தான் பெருசுன்னா அதோடயே குடும்பம் நடத்தும்.”

நியாயம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

9 மார்ச்

மஸ்டரில் பேசியதற்காக எஸ்டேட் நிர்வாகத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

20 மார்ச்

முப்பத்தொரு பேருக்கும் பார்த்து முடித்தேன். பதினேழு அட்டைகள் தவறு. ஒருத்திக்கு அட்டையில் ஏபி, உடம்பில் ஓ. அவளுக்குப் பொருத்தம் பார்க்காமல் எவராவது அவசரத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால்? டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். இப்போது பதிவேட்டில் பெயர், பிறந்த வருடம், எடுத்த தேதி, எடுத்தவர் கையெழுத்து எல்லாம் உண்டு.

அம்மாவும் அப்பாவும் கொடுக்கும் அந்தத் துண்டுகள் டி.என்.ஏ. என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கின்றன என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒருநாள் அதையே நேராக வாசித்து, ‘இவன்தான் தகப்பன்’ என்று அடித்துச் சொல்லும் காலம் வரலாம். வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார். ஆனால் அன்றைக்கும் குப்பியில் பெயர் எழுதி ஒட்டுவது என்னைப் போல ஒருத்தியாகத்தான் இருப்பாள். தேவையா என்று குழந்தையின் அம்மாவை அன்றைக்காவது யாராவது கேட்பார்களா?

2 ஏப்ரல்

பூமாரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். சுடலையின் வீட்டுக்கு இல்லை. செக்ரோலில் அவளுக்கென்று தனி எண் உண்டே. ஐந்தாம் லயத்தில் வேலுத்தாயோடு இருக்கிறாள். வழியில் என்னைப் பார்த்தாள். பேசவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

5 ஜூன்

மழை பிடித்துவிட்டது. குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள், நர்ஸ் விடுப்பு, ஆகவே நான். முத்துப்பேச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தது சுடலை. தான் நனைந்து, குடையைப் பிள்ளைக்கே பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“பூமாரி?”

“கொழுந்துக்குப் போயிருக்கா. எனக்கு வேல இல்லாத பகல்ல நான் பாத்துக்கிடலாம்னிருக்கா. சாயங்காலம் கொண்டு போய் விட்டுரணும்.”

ஆறு கிலோ நானூறு. குறைவில்லை.

“வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டீங்களா?” எனக்கு வேண்டாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

“கேட்டேன். யோசிச்சுச் சொல்லுதேன்னா.”

“எப்ப கேட்டீங்க?”

“சித்திரையில” என்றார். பிள்ளையின் கால் நனையாமல் துணியை இழுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.