ஓதம் ஏறிய சுவரும் உன் மகளின் மூச்சும்

என் உயிரான ராஜம் அக்காவுக்கு,

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை. உன் வீட்டில், உன் கணவருக்கு இரண்டாவது மனைவியாக இருந்துகொண்டு உனக்கு என்னவென்று எழுதுவது? இன்று வேறு வழி தெரியவில்லை. உன் செல்வி கூடத்தில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் இளைப்பு வந்துவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தை, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்குகிறாள்.

எல்லாம் நீ கடைசியாகப் படுத்திருந்த பின்கட்டு அறையில் ஆரம்பித்தது. எனக்குக் கல்யாணமாகித் திருவானைக்காவல் வந்த முதல் ஐப்பசி மழையில், வடக்குச் சுவரின் அடியில் கையகலத்துக்கு ஓதம் தெரிந்தது. பிறகு மேலே ஏறியது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நான்கே நாளில் திரும்பி வந்துவிடும்.

அத்தை ஒருநாள் என் காதுபடவே எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னார்கள். "மூத்தவளுக்கு மனசு ஆறல. இவ வந்த பெறகுதானே செவுத்துல கறை வந்துச்சு? அவதான் வந்து நிக்கிறா."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. விளக்கேற்றி அந்தச் சுவரின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உனக்குக் கேட்டதா?

அவர் அலைந்து சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கி, சுவருக்கு உள்பக்கம் பூசினார். ஒரு வருஷம் வழவழவென்று இருந்தது. அடுத்த மழைக்கு, சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே, என் தோள் உயரத்தில் ஈரம் வந்து நின்றது. அந்த மழையில்தான் செல்விக்கு முதல்முதலாக மூச்சிரைத்தது.

"ஈரமில்லாத, காத்தோட்டமான இடத்துல படுக்க வைங்க" என்றார் டாக்டர். அத்தை சம்மதிக்கவில்லை. பெற்றவளின் அறையிலிருந்து பிள்ளையைப் பிரித்தால் அவள் கோபம் இன்னும் கூடும் என்றார்கள். நான் எதிர்த்துப் பேசாமல், குளிர்காற்று படாதிருக்க ஜன்னலைச் சாத்தினேன். காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை போட்டேன். அந்தப் புகையில் அவள் இருமினாள். நான் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

போன புரட்டாசியில் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "சித்தி, அம்மாவுக்கு எம்மேல கோவமா? நான் என்ன செஞ்சேன்?"

என் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது. அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் கோபம் வந்தது. தெருமுனையில் மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் காதர் பாயை நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். அவர் சுவரைக் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தார். பிறகு வீட்டை ஒட்டிய சந்துக்குப் போனார்.

"இங்க யாரு குளிக்கிறது?"

"நாங்கதான். கல்யாணத்தப்ப எனக்காகப் போட்ட கல்லு."

சுவரோரமாக ஒரு முழம் தோண்டினார். நான் கொடுத்த டீயை அவர் குடித்து முடிப்பதற்குள் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. மேலே சோப்பு நுரை.

"பாருங்கம்மா, இது பேயும் இல்ல, யாரோட கோவமும் இல்ல. நீங்க ஊத்துற தண்ணிதான். வெளிய ஓட வாட்டம் சரியில்லாம அம்புட்டும் அஸ்திவாரத்துக்குள்ள போகுது. காயுறதுக்கும் வழியில்லாம உள்ள சிமெண்ட்ட வச்சு அடைச்சிட்டாங்க. ஜன்னலையும் சாத்தி வச்சிருக்கீங்க. செவுரு என்ன பண்ணும்?"

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் தினமும் செல்வியைக் குளிப்பாட்டுவேன். சளி பிடித்தால் வெந்நீர் வைத்து இரண்டு வேளை ஊற்றுவேன். ஊற்றியதெல்லாம் அவள் படுக்கும் சுவருக்கே போயிருக்கிறது. நான் என்ன செய்துவிட்டேன், அக்கா?

சுவரைக் கொத்தக் கூடாது என்று அத்தை குறுக்கே நின்றார்கள். அதுவரை வாய் திறக்காதவர் அன்று பேசினார். "அம்மா, ராஜம் அப்படிப்பட்டவ இல்ல." கல்யாணமான பிறகு அவர் உன் பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துத் தானே அந்தக் கல்லைப் பெயர்த்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

குளிக்கும் இடத்தைக் கொல்லைக்கு மாற்றி, தண்ணீர் வாழைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டியாயிற்று. சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று. ஜன்னல் திறந்தே இருக்கிறது. செல்வி கூடத்துக்கு வந்துவிட்டாள். "தை வரைக்கும் பொறுங்க, நல்லாக் காஞ்ச பெறகு சுண்ணாம்புக் காரை பூசலாம்" என்றார் பாய். ஆனால் மழை விடவில்லை. தினம் காலையில் செங்கல்லில் கை வைத்துப் பார்க்கிறேன். ஜில்லென்றுதான் இருக்கிறது.

நேற்று மத்தியானம் செல்விக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. குதிரை வண்டியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு திரும்பியது. வளர வளரக் குறையலாம், குறையாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மூன்று வருஷம் அந்த அறையில் கிடந்தாளே. நான் ரொம்பத் தாமதித்துவிட்டேனா? உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

அக்கா, உனக்கு ஒன்று சொல்கிறேன். தைக்குள் சுவர் காயாவிட்டால் செல்வியைத் தூக்கிக்கொண்டு திருவெள்ளறைக்கு, நம் அம்மாவிடம் போய்விடுவேன். இவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவள் அந்த அறையில் இனி ஒரு பொழுதும் படுக்கமாட்டாள். அவள் நன்றாக மூச்சு விடும்வரை நான் அவள் பக்கத்திலிருந்து எழுந்திருக்கமாட்டேன். அவள் அம்மா யார் மேலும் கோபப்பட்டவள் இல்லை என்று தினமும் ஒரு தடவையாவது அவளிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் தங்கை,
உன் செல்வியின் சித்தி